சந்தையில் விற்பதா, நேராக விற்பதா? ஒரு ஏற்காட்டுக் காபிப்பொடிக் கணக்கு

போன மார்கழியில் கோவையிலிருந்து ஒரு அம்மாவின் செய்தி வந்தது. நாங்கள் காபிப்பொடி விற்கும் ஆன்லைன் சந்தையின் செய்திப் பெட்டி வழியாகத்தான். “தம்பி, பொடி அருமையா இருக்கு. எங்க வீட்டுக்கும் தங்கச்சி வீட்டுக்கும் சேர்த்து மாசம் ரெண்டு கிலோ ஆகும். உங்க போன் நம்பரைக் கொடுங்க, நேரா உங்ககிட்டயே வாங்கிக்கிறோம். நடுவுல இருக்கறவங்களுக்கு எதுக்குக் காசு?”

மாதம் இரண்டு கிலோ என்பது எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்குப் பெரிய விஷயம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் காபித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, மலை இறங்கினால் சேலம் கோரிமேட்டில் வாடகை அறையில் ஒரு வறுக்கும் இயந்திரம், ஒரு அரைக்கும் இயந்திரம். இவ்வளவுதான் எங்கள் தொழில். நம்பரைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று அன்று ராத்திரி வீட்டில் ஆரம்பித்த பேச்சு, பொங்கல் கழிந்தும் முடியவில்லை. மச்சான் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், நான் பில்லும் கால்குலேட்டருமாக நடுவில்.

இளம்பிள்ளையில் சேலை விற்பவர்களுக்கும், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு விற்பவர்களுக்கும், ஏற்காட்டில் காட்டேஜ் வாடகைக்கு விடுபவர்களுக்கும் இதே கேள்வி வருகிறது. அதனால் எங்கள் வீட்டுக் கணக்கை மறைக்காமல் இங்கே எழுதுகிறேன். உங்கள் சரக்கு வேறு, உங்கள் கமிஷன் விகிதம் வேறு. ஆனால் கணக்குப் போடுகிற வழி ஒன்றுதான்.

விதி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஓஎல்எக்ஸ் மாதிரி விளம்பரம் மட்டும் போடும் இடங்களில் வாங்குபவரும் விற்பவரும் நேரில் பேசி முடித்துக்கொள்வதுதான் வழக்கமே. அங்கே நம்பர் கொடுப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. அமேசான், ஈபே, எட்ஸி போன்றவை வேறு வகை. பணம் அவர்கள் வழியாக வருகிறது, தகராறு வந்தால் அவர்கள் பார்க்கிறார்கள், விற்பனை நடந்தால் கமிஷன் எடுக்கிறார்கள். அந்தக் கமிஷனைத் தவிர்க்க விற்பனையை வெளியே இழுத்துக்கொண்டு போவதை இவை எல்லாமே தடை செய்திருக்கின்றன.

அமேசானில் வாடிக்கையாளரின் முகவரியை அந்த ஆர்டரை அனுப்பி வைப்பதற்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். செய்தியிலோ பார்சலுக்குள் வைக்கும் சீட்டிலோ ‘எங்கள் வெப்சைட்டுக்கு வாருங்கள்’ என்று அழைக்கக் கூடாது. ஈபேயில் கட்டணத்தைத் தவிர்ப்பது பற்றித் தனியாகவே ஒரு விதி இருக்கிறது. அங்கே சந்தித்தவர்கள் வெளியே பேசி முடித்தாலும் கமிஷனை விற்பவர் கணக்கில் போட அவர்களுக்கு இடம் உண்டு. ஈபேயின் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டுவிட்டது, ஆனால் இங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் அதை இன்னும் பயன்படுத்துகிறார்கள். எட்ஸியில் ஆரம்பித்த வியாபாரத்தை எட்ஸியிலேயே முடிக்க வேண்டும். ஏற்காட்டில் ஏர்பிஎன்பி வழியாக அறை விடுபவர்களுக்கும் இது தெரிந்ததுதான், முன்பணத்தை வெளியே வாங்கக் கூடாது.

மீறினால் முதலில் எச்சரிக்கை வரும், அல்லது நம் பொருளின் பக்கத்தை எடுத்துவிடுவார்கள். அப்புறம் அக்கவுண்ட் பிளாக், விற்றதற்கு வர வேண்டிய பணம் நிறுத்திவைப்பு. எச்சரிக்கை வரும் வரை பார்க்கலாம் என்று இருக்க முடியாது, நேராகக் கடைசிப் படிக்கே போன ஒருவரை எனக்குத் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தச் சந்தைகளின் மேல் விற்பவர்களுக்குக் கோபம் இருப்பது நியாயம்தான். எட்ஸி தன் விற்பனைக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏற்றியது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான சின்ன விற்பனையாளர்கள் எதிர்த்தார்கள், ஆனாலும் ஏற்றிய கட்டணத்தைக் குறைக்கவில்லை. கட்டணத்தை ஏற்றுவது அவர்கள் கையில் இருக்கிறது, நம் கையில் இல்லை. அதைவிட எனக்கு வருத்தமான விஷயம், வாடிக்கையாளரை நம் கண்ணில் படாமல் வைத்திருப்பது. என் பொடியை யார் குடிக்கிறார்கள், டிகாஷன் எப்படி இறங்குகிறது, எந்தப் பதத்தில் அரைத்தால் அவர்கள் பில்டருக்குச் சரியாக இருக்கும் என்று கேட்கக்கூட வழி குறைவு.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் தாத்தா காலத்தை எடுத்தார். இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பிய ஏற்றுமதி நின்று காபி விலை விழுந்தபோது, தோட்டக்காரர்களைக் காப்பாற்றத்தான் அரசின் காபி போர்டு நடத்திய பொதுத் தொகுப்பு வந்தது. 1942இல் அதற்குச் சட்டமும் வந்தது. விளைந்ததை போர்டிடம் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் ஏலம் விடுவார்கள், பணம் தவணை தவணையாக வரும். 1990களில்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1996இல் முழுவதுமாக விட்டார்கள். கடைசித் தவணைக்காகத் தாத்தா மாதக்கணக்கில் காத்திருந்ததை அப்பா பார்த்திருக்கிறார்.

“அன்னைக்கு நேரா வித்தா சட்டப்படி குத்தம். வேற வழியும் கெடையாது. இது அப்படி இல்ல. நாமளா போய் அவங்க திண்ணையில கடை போட்டிருக்கோம். பிடிக்கலையா, எந்திரிச்சு வந்துடலாம். திண்ணைக்கு வந்த ஆளைப் பின்வாசல் வழியா நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது சரியில்ல.”

மச்சானுக்கு இது ஏறவில்லை. “மாமா, அந்த அம்மாவே கேக்கறாங்க. நாமளா இழுத்தோம்?” என்றார். சரி, முதலில் பணத்தைப் பார்ப்போம் என்று பில்லை எடுத்தேன்.

520 ரூபாய் பாக்கெட்டில் எவ்வளவு போகிறது

சிக்கரி கலக்காத பொடி, 500 கிராம், ஜிஎஸ்டி சேர்த்து 520 ரூபாய். நாங்கள் விற்கும் சந்தை பிடித்தது இது: கமிஷன் 42, ஒரு ஆர்டருக்கு என்று நிலையான கட்டணம் 21, அனுப்பும் செலவு 72. மொத்தம் 135. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 24 ரூபாய் 30 காசு. ஆக 159 ரூபாய் 30 காசு. இதுபோக ஜிஎஸ்டிக்காக அரை சதவீதமும் வருமான வரிக்காக 0.1 சதவீதமும் பிடிப்பார்கள். இரண்டும் முன்பு 1 சதவீதம், 2024இல் குறைத்தார்கள். இரண்டும் சேர்ந்து மூன்று ரூபாய்தான், கணக்குத் தாக்கல் செய்யும்போது வரவாகிவிடும். கைக்கு வந்தது சுமார் 358 ரூபாய்.

520க்கு 358 என்று பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். மச்சான் சொன்ன கணக்கும் இதுதான்: “ஒரு பாக்கெட்டுக்கு நூத்தி அறுபது ரூபா போகுது.”

ஆனால் நேராக விற்றால் அந்த 160உம் மிச்சமாகாது. கொரியர்காரர் சும்மா கொண்டுபோக மாட்டார், அவருக்கும் ஏறக்குறைய அதே 72 கொடுக்க வேண்டும். அடுத்து அந்த 24 ரூபாய் ஜிஎஸ்டி. நாங்கள் பெங்களூருக்கும் அனுப்புவதால் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கிறோம். வறுத்த காபிக்கு 5 சதவீதம், அதாவது இந்த 520க்குள் கிட்டத்தட்ட 25 ரூபாய் வரி நாங்கள் கட்ட வேண்டியது. சந்தையின் கட்டணத்தில் கொடுத்த 24 ரூபாய் வரியை அதில் கழித்துக்கொள்ளலாம். ஆக, சந்தையில் விற்பதற்கும் நேராக விற்பதற்கும் உண்மையான வித்தியாசம் கமிஷன் 42, நிலையான கட்டணம் 21, மொத்தம் 63 ரூபாய்.

160 ரூபாயை மனதில் வைத்துக்கொண்டு எடுக்கிற முடிவு வேறு, 63 ரூபாய்க்கு எடுக்கிற முடிவு வேறு. இந்தக் கட்டுரையில் ஒரு இடத்தை மட்டும் படிப்பவர்கள் இதைப் படித்தால் போதும். உங்கள் பில்லை எடுத்து, வெளியே விற்றாலும் போகப்போகிற செலவை முதலில் தள்ளிவிடுங்கள். மிஞ்சுகிற தொகையைப் பற்றித்தான் சண்டை.

ஜிஎஸ்டி பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல், வருட விற்பனை பதிவு வரம்புக்குள் இருக்கிற சின்ன விற்பனையாளர்கள் தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு அனுப்பினால், முழுப் பதிவு இல்லாமலே ஒரு பதிவெண் வாங்கிக்கொண்டு ஆன்லைன் சந்தையில் விற்கலாம். ஆனால் காபி போன்ற வரி உள்ள சரக்கை மாநிலம் தாண்டி அனுப்பினால், சந்தை வழியாகப் போனாலும் வாட்ஸப் ஆர்டராகப் போனாலும் பதிவு வேண்டும். ‘வெளியே விற்றால் ஜிஎஸ்டி தொல்லை இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மச்சானின் துண்டுச்சீட்டு

மச்சான் பேச்சோடு நிற்கிற ஆள் இல்லை. எங்களிடம் சொல்லாமலே சேலத்தில் ஒரு அச்சகத்தில் ஆயிரம் சீட்டு அடித்து வாங்கி வந்துவிட்டார். உள்ளங்கை அகலம். பச்சைப் பின்னணியில் சிவந்த காபிப் பழக்கொத்து, ஒரு க்யூஆர் கட்டம், கீழே ‘அடுத்த முறை நேரடியாக எங்களிடமே வாங்குங்கள், 10% தள்ளுபடி’. அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று வைத்தால் ஆறு மாதத்தில் பாதி வாடிக்கையாளர்கள் நம் பக்கம் வந்துவிடுவார்கள் என்பது அவர் திட்டம். காபி மாதாமாதம் வாங்குகிற பொருள். ஒரு தடவை வந்தவர் ருசி பிடித்தால் வருடக்கணக்கில் வருவார். ஒவ்வொரு தடவையும் 63 ரூபாய் என்றால் நிறையத்தான். அவர் நினைத்ததில் அந்தப் பகுதி சரி.

சீட்டில் இருந்த 10 சதவீதத்தைக் கணக்கில் போட்டேன். 520க்கு 52 ரூபாய். 63இல் 52 போனால் மிச்சம் 11. பதினோரு ரூபாய்க்காக நாலு வருடமாகச் சேர்த்த ரேட்டிங்கைப் பணயம் வைக்க வேண்டுமா என்று கேட்டேன். தள்ளுபடியை எடுத்துவிடலாம் என்றார். தள்ளுபடி இல்லாவிட்டால் அந்த வாடிக்கையாளர் ஏன் மாற வேண்டும்? சந்தையில் இரண்டு தட்டு தட்டினால் ஆர்டர் முடிந்தது, பணம் போய்விடுமோ என்ற பயம் இல்லை, வேண்டுமானால் வாசலில் காசு கொடுத்துக்கொள்ளலாம்.

இளம்பிள்ளையில் சேலை விற்கும் நண்பர் ஒருவர் இதையேதான் செய்தார். வேறொரு சந்தை, வேறு சரக்கு. சேலை மடிப்புக்குள் போன் நம்பர் போட்ட சீட்டு. ஒரு வாடிக்கையாளர் சேலையில் கறை இருந்ததாகப் புகார் எழுதி, படங்களோடு அந்தச் சீட்டையும் சேர்த்து அனுப்பிவிட்டார். அவருக்குக் காட்டிக்கொடுக்கிற எண்ணமே இல்லை, பெட்டியில் வந்ததையெல்லாம் படம் எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். இரண்டு நாளில் அக்கவுண்ட் பிளாக். அறுநூறுக்கு மேல் இருந்த நல்ல ரிவ்யூக்கள் யாருக்கும் பயனில்லாமல் போயின. வர வேண்டிய பணம் வாரக்கணக்கில் நின்றது. அது தீபாவளிக்கு முந்தின மாதம். தறிக்காரர்களுக்குக் கூலி கொடுக்க அவர் நகையை அடகு வைத்தார். மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதங்களில் ஒன்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுத்தது நான்தான், அதனால் தேதி உட்பட ஞாபகம் இருக்கிறது.

இன்னொரு ஆபத்து நம் பக்கமே வருவது. வெளியே வியாபாரம் என்றதும் பணம் வந்ததற்கு நாம்தான் பொறுப்பு. பணம் அனுப்பிவிட்டேன் என்று போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ராணுவத்தில் அதிகாரி, கேண்டீனுக்கு மொத்தமாக வேண்டும் என்று சொல்லி, ‘பணம் வாங்க இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று அனுப்புவது நாடு முழுக்க நடந்த பழைய மோசடி. யூபிஐயில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டால் காசு நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும்.

வாங்குபவருக்கும் இழப்பு உண்டு. 2020இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி சந்தை ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாட்ஸப்பில் பேசி வாங்கினால் அந்தக் கதவு இல்லை. நுகர்வோர் சட்டம் அப்போதும் அவர் பக்கம்தான், நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். ஆனால் முந்நூறு, நானூறு ரூபாய்ப் பொருளுக்கு எத்தனை பேர் அவ்வளவு தூரம் போவார்கள்? கோவை அம்மா ‘நடுவுல இருக்கறவங்களுக்கு எதுக்குக் காசு’ என்று கேட்டபோது, அந்தக் காசில் ஒரு பங்கு தன் பாதுகாப்புக்குத்தான் போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

லேபிளில் இருக்கிற நம்பர்

இந்தப் பேச்சின் நடுவே மச்சான் ஒரு நல்ல கேள்வி கேட்டார். “சீட்டு வைக்கக் கூடாதுன்னா, பாக்கெட் பின்னாடி நம்ம போன் நம்பர் இருக்கே, அது மட்டும் எப்படி?”

பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் வருட எடையளவு விதிகளின்படி, புகார் சொல்ல யாரைத் தொடர்புகொள்வது என்று பெயர், முகவரி, போன் நம்பர், மின்னஞ்சல் எல்லாம் பாக்கெட்டின் மேலேயே இருந்தாக வேண்டும். அது சட்டம் கேட்கிற நம்பர், அதை எந்தச் சந்தையும் கிழிக்கச் சொல்ல முடியாது. சீட்டில் இருப்பதும் அதே பத்து இலக்கம்தான், ஆனால் அது ‘அங்கே வாங்காதே, இங்கே வா’ என்று அழைக்கிறது. லேபிள் அழைக்கவில்லை.

லேபிளைப் பார்த்து ஒருவர் கூப்பிட்டால் என்ன செய்வது? நான் செய்வது இது. புகார் என்றால் கடைசி வரை கேட்டுச் சரி செய்வேன். எந்தப் பதத்தில் அரைப்பது என்று கேட்டால் அரை மணி நேரமானாலும் பேசுவேன். சந்தையில் வாங்கியவர் ‘நேராக அனுப்புங்கள்’ என்றால், அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். பொடி பிடித்துப்போய் எங்கள் பெயரைத் தேடி அவராகவே எங்கள் வெப்சைட்டுக்கு வந்து வாங்கினால், அதை நான் தடுக்கப் போவதில்லை. அது நல்ல பொடிக்கும் நல்ல பெயருக்கும் கிடைத்தது.

நம் சொந்த வாசல்

நேராக விற்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நேராக விற்க நமக்கென்று ஒரு வாசல் வேண்டும், அதற்கு ஆட்களை நாமே தேட வேண்டும் என்கிறேன். அந்த வகையில் ஏற்காட்டுக்காரர்களுக்குக் கொடுப்பினை உண்டு. ஆட்கள் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி நம்மிடமே வருகிறார்கள். மே மாதம் கோடை விழா நடக்கும்போது அண்ணா பூங்கா பக்கம் நடக்க இடம் இருக்காது. அப்படி வருகிறவர்கள் எங்கள் தோட்டத்து முகப்பில் நிறுத்தி, அறுவடைச் சமயமானால் களத்தில் காயும் காபியையும் பார்த்து, ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இவர்களை எந்தச் சந்தையும் எங்களுக்கு அனுப்பவில்லை. இவர்கள் நம்பரை நாங்கள் கேட்டு வாங்கலாம், மிளகு வந்ததும் செய்தி அனுப்பலாம், மாதாமாதம் நேராக விற்கலாம். 63 ரூபாயும் எங்களுக்கே.

ஆனால் இந்த வாசலுக்கும் செலவு உண்டு. போன ஐப்பசியில் பெங்களூருக்கு அனுப்பிய பாக்கெட் மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தது. அட்டைப்பெட்டி கூழாகி, உள்ளே பொடி ஓரத்தில் கட்டி தட்டியிருந்தது. அவர் படம் அனுப்பினார், ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. வேறு பாக்கெட் அனுப்பினேன். பொடியின் அடக்கம், மறுபடியும் கொரியர் எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய்க்குக் கிட்ட. அதாவது ஆறு பாக்கெட்டில் கமிஷன் இல்லாமல் மிச்சம் பிடித்தது அந்த ஒரு பாக்கெட்டில் போய்விட்டது. சந்தையில் இது நடந்திருந்தால் அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், எங்கள் தவறு இல்லை என்று நான் கிளெய்ம் போட்டிருப்பேன். இப்போது உள்ளே இரட்டை உறை போடுகிறோம். அதற்கும் பாக்கெட்டுக்கு மூன்று ரூபாய் ஆகிறது.

நேரம் இன்னொரு செலவு. ராத்திரி பத்து மணிக்கு ‘என் பார்சல் எங்கே’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நான்தான். டிசம்பர், ஜனவரியில் பழம் பறிக்கிற சமயத்தில், காலையில் தோட்டம், மதியம் பழத்தோல் உரிக்கும் பல்பர் இயந்திரம், மாலை கோரிமேட்டில் வறுவல் என்று ஓடும்போது அந்தப் பதில்கள் தாமதமாகும். மாதம் ஐம்பது நேரடி ஆர்டர் வரை என்னால் சமாளிக்க முடிகிறது. அதற்கு மேல் போனால் ஒரு ஆள் வைக்க வேண்டும், அப்புறம் 63 ரூபாய்க் கணக்கே மாறிவிடும்.

கமிஷன் குறைவான சந்தைகளுக்குப் போகலாமே என்று கேட்கலாம். மீஷோ விற்பவர்களிடம் கமிஷன் வாங்குவதில்லை. துணி, வீட்டுச் சாமான் விற்பவர்களுக்கு நல்ல வழி. விலையை மட்டும் பார்த்து வாங்குகிற இடத்தில் சிக்கரி இல்லாத பொடி 520க்கு நிற்பது கஷ்டம், கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்க விதியே இடம் தருகிறது, அந்த விலையோடு என்னால் போட்டி போட முடியாது. அமேசான் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் கீழே உள்ள பல பொருள்களுக்குக் கமிஷனை எடுத்துவிட்டது. அதனால் 200 கிராம் பாக்கெட் போடலாமா என்று யோசித்தேன், ஆனால் அந்த விலைக்கு அனுப்பும் செலவு மிகவும் கனமாக விழும். அரசு முயற்சியில் வந்த ஓஎன்டிசி கட்டமைப்பில் விற்பவர் அதில் இணைந்திருக்கும் எந்தச் செயலி வழியாகவும் சேரலாம். யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் எங்களுக்கு அதிலிருந்து ஆர்டர் வந்தது விரல் விட்டு எண்ணுகிற அளவுதான்.

கோவைக்கு எழுதிய பதில்

முடிவாக வழி கிடைத்தது தராசில். 500 கிராம் பாக்கெட்டை அட்டைப்பெட்டியில் வைத்து எடை போட்டால் 560 கிராம் காட்டுகிறது. அரைக் கிலோவைத் தாண்டிவிட்டதால் ஒரு கிலோவுக்கான அனுப்பும் கட்டணம் பிடிக்கிறார்கள். அதாவது ஒவ்வொரு ஆர்டரிலும் கிட்டத்தட்ட 440 கிராம் காலி இடத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். அப்பாவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க தராசும் பெட்டியுமாக உட்கார்ந்து பார்த்ததில், 450 கிராம் பாக்கெட் இரண்டு, கொஞ்சம் ஒடுக்கமான பெட்டியில் வைத்தால் 980 கிராம். ஒரு கிலோவுக்குள் அடங்குகிறது.

இந்த 900 கிராமை 870 ரூபாய்க்குப் போட்டோம். கமிஷன் 70, நிலையான கட்டணம் 26, அனுப்பும் செலவு அதே 72. மொத்தம் 168, வரி தனி. அரைக் கிலோவுக்கு என்று பிரித்தால் 93 ரூபாய். முன்பு 135 போனது. வாங்குபவருக்கு அரைக் கிலோ 483 ரூபாயில் கிடைக்கிறது, 37 ரூபாய் மிச்சம். எங்களுக்கும் அரைக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகவே நிற்கிறது. விதியை மீறாமல், சீட்டு வைக்காமல். மச்சான் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, “இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே” என்றார்.

கோவை அம்மாவுக்கு அதே செய்திப் பெட்டியில் எழுதினேன். “அம்மா, உங்கள் வார்த்தைக்கு ரொம்ப நன்றி. உங்களை எங்களுக்குக் காட்டியது இந்த இடம், அதனால் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு கிலோ வாங்குகிறவர்களுக்காக 900 கிராம் பெட்டி போட்டிருக்கிறோம், விலை குறைவு. உங்கள் வீட்டுக்கு ஒன்று, தங்கை வீட்டுக்கு ஒன்று என்று தனித்தனி முகவரிக்கே அனுப்பலாம்.” மறுநாள் இரண்டு பெட்டி ஆர்டர் வந்தது. கூடவே ஒரு வரி: “தங்கச்சி வீட்டு பில்டர் சின்னது, அவளுக்குக் கொஞ்சம் நைஸா அரைச்சு அனுப்பு தம்பி.”

அந்த ஆயிரம் சீட்டு வீணாகவில்லை. ‘அடுத்த முறை நேரடியாக எங்களிடமே’ என்ற வரி, நாகலூர் முகப்பில் காபி குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கல்லாப் பக்கத்தில் ஒரு தட்டில் அடுக்கி வைத்திருக்கிறோம். பார்சல் கட்டுகிற மேசை கோரிமேட்டில் இருக்கிறது, சீட்டு மலை மேலேயே இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். சித்திரை விடுமுறைக் கூட்டத்தில் மட்டும் நூற்றைம்பதுக்கு மேல் போயிருக்கிறது.